யோகநாதன் சேர் சொன்ன மின்னல்

திங்கட்கிழமை பாடசாலை வாசலில் வைத்து அதிபர் சொன்னார்: "ரீச்சர், யோகநாதன் சேர் விடிய மோசம் போயிட்டார். மாரடைப்பாம்." எனக்கு அழுகை வரவில்லை. அவரை அறிந்த நீங்கள் அது ஏன் என்று கேட்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கராயன் பாடசாலையில் அவர் பௌதிகவியல் படிப்பித்தார், நான் இரசாயனவியல். பிளாஸ்மா என்று தொடங்கினால் அவருக்குச் சாப்பாடு நினைவிராது. "சூரியனும் மின்னலும் ஒரே வீட்டுப் பிள்ளையள் ரீச்சர். அணுவில இருந்து இலத்திரனைப் பிடுங்கிவிட்டால் வாயு பிளாஸ்மாவாகும். சூரியனில அதை வெப்பம் செய்யுது. மின்னலில முகிலின்ர மின்சாரம் செய்யுது. விண்வெளியில தூரத்து வாயு முகில்களுக்கு நட்சத்திர ஒளியே போதும்" என்பார்.

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசியில், வயலில் நின்ற என் தம்பி மின்னல் தாக்கி இறந்தான். இடி கேட்டபிறகும் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வா என்று அனுப்பியது நான். அதை யோகநாதன் சேரிடம் மட்டும் சொன்னேன்.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ சேர். அம்மாவுக்குத் தெரியாது."

"ஓம் ரீச்சர். இது என்னோட இருக்கும்."

அடுத்த வருடம் விஞ்ஞான தினத்தன்று, பெற்றோர் நிறைந்த மண்டபத்தில், மின்னல் எப்படி உருவாகிறது என்று விளக்கிக்கொண்டு போன சேர் சொன்னார்: "இடி கேட்டும் ஒரு அக்கா தம்பியை வயலுக்கு அனுப்பினவா." பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. என்னோடு வந்து முன்வரிசையில் இருந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையோடுதான் இன்றும் ஒரே வீட்டில் இருக்கிறேன்.

மண்டபத்துக்கு வெளியே அவரை மறித்தேன். "ஏன் சேர் இப்பிடிச் செய்தனீங்கள்?"

"நாலு பேராவது இடி கேட்டதும் வயலால ஓடி வரட்டும் எண்டுதான் ரீச்சர்."

"என்னைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தால் வேண்டாம் எண்டிருப்பீங்கள். அதாலதான் கேக்கேல்லை."

அதன்பின் நான் அவரோடு கதைக்கவில்லை. இப்போது எங்கள் ஊரில் வானம் முழங்கினால் வயலில் ஒருவரும் நிற்பதில்லை. அதை நான் மறுக்கமாட்டேன். ஆனாலும் செத்தவீட்டில் அவருடைய முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. படலை வாசலிலேயே திரும்பிவிட்டேன்.

மன்னிக்கவில்லை. ஆனால் ஒன்றை வைத்திருக்கிறேன். தம்பியின் முப்பத்தோராம் நாள் சடங்கன்று, அவனுக்கு நொந்திருக்குமா என்று வந்தவர்களையெல்லாம் கேட்டேன். "இல்லைப் பிள்ளை, ஒரு கணம்தானே" என்றார்கள் எல்லோரும். யோகநாதன் சேர் மட்டும் தலைகுனிந்து, "எனக்குத் தெரியாது ரீச்சர்" என்றார். அன்று எனக்குப் பொய் சொல்லாதவர் அவர் ஒருவர்தான்.