அதிகாரியின் சாப்பாட்டுக்கு ஒரு சைரன்

அணை கட்டும் இடத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டும் அந்த மனிதருக்கு யாரையுமே பிடிக்காது. பாதுகாப்பு அதிகாரியைக் கண்டால் அறவே ஆகாது. "தலை மேல தொப்பி இருக்கு, தலைக்குள்ள ஒண்ணும் இல்ல" என்பார், நாலு பேர் காதுபட. இருபது வருஷம் பஸ் ஓட்டி ஒரு கோழியைக்கூட அடிக்காதவர். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு.

ஆனால் அதே அதிகாரி மதியம் வண்டியில் ஏறினால், இவர் வாயைப் பொத்திக்கொண்டு சைரனைப் போடுவார். வெளியே போக இருப்பது ஒரே மண்பாதை. அதில் டிப்பர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். வரிசையில் நின்றால் விடுதியில் துரைக்குச் சாப்பாடு ஆறிவிடுமாம்! முதல் மாதம் லாரிக்காரர்கள் பதறி ஒதுங்கினார்கள். விஷயம் தெரிந்த பிறகு "சாருக்குப் பசிடோய்" என்று சிரித்தபடி அசையாமல் நின்றார்கள். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். வளைவில் லாரிகளுக்குக் கொடி காட்டும் இவர் மச்சினிதான் ஓடிவந்து, கத்தி, வழி வாங்கிக் கொடுப்பாள். இவர் சொல்லித்தான் அவள் அந்த வேலைக்கே வந்தாள்.

ஒருநாள் காலை, பின்னால் எடுத்த டிப்பர் ஒன்று அவள் காலில் ஏறிவிட்டது. இரண்டே நிமிஷத்தில் இவர் போய் அவளை வண்டியில் ஏற்றினார். சைரன் அலறியது. ஒரு லாரியும் நகரவில்லை.

"என்னண்ணே, இன்னிக்குக் காலையிலேயே பசிச்சிடுச்சா?"

"டேய், உள்ள உசிரு போகுதுடா!"

"தினமும்தான் போகுது" என்றான் லாரிக்காரன்.

இறங்கி ஓடினார். பின்கதவைத் திறந்து காட்டினார். ரத்தத்தைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று. அவன் ஒதுங்கினான். ஆனால் அவனுக்கு முன்னால் நின்ற லாரிகளுக்குத் தெரிய வேண்டாமா? ஒவ்வொருவனிடமும் ஓடி ஓடிக் கெஞ்சினார். அரை மணி நேரம் போயிற்று.

மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அதிகாரி ஒரு தாளோடு வந்தார்.

"ரெண்டு நிமிஷத்துல வண்டி வந்துச்சுன்னு எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடுங்க."

பக்கத்தில் இவர் மனைவி நின்றிருந்தாள். "ஏங்க, வண்டி அங்கேயேதானே நின்னுச்சு? அப்புறம் ஏன் இவ்வளவு நேரம்?"

பொய் சொல்ல நா எழவில்லை.

"இந்த ஆளு சோத்துக்கு நான் தினமும் சைரன் போட்டேன். இன்னிக்கு நெசமாப் போட்டேன், ஒருத்தனும் நம்பல."

அவள் அதிகாரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவருக்குப் பசிச்சுது. உங்களுக்கு என்ன கேடு வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுத் தங்கை படுத்திருந்த கட்டிலுக்குப் போனாள்.