ஏரிக்கரையில் பெட்ஷீட் பிடித்த நர்ஸ்

எழுபதுகளின் கடைசியில் பழவேற்காடு ஆஸ்பத்திரிக்கு வந்த அந்த நர்ஸை எனக்கு இன்றும் பிடிக்காது. குட்டையான உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய குரல். எதையும் மெல்லச் சொல்ல அவளுக்குத் தெரியாது.

ஒரு நாள் காலை ஏரிக்கரையில் நாங்கள் பதினோரு ஆண்கள் உட்கார்ந்திருந்தோம். கையால் இறால் பிடிக்கும் பெண்கள் இடுப்பளவு நீரிலிருந்து கரையேறும் நேரம். அவள் ஒரு பெட்ஷீட்டோடு வந்து நின்றாள்.

“எழுந்து போ பெருசு. இவங்க பாவாடை மாத்தணும்.”

“நான் படிச்சவன். மரியாதையாப் பேசும்மா,” என்றேன்.

“படிச்சவருக்கு நான் சொல்லணுமா? நீங்க இங்க குந்தினுகீறதால ஈரத்தோடயே வூட்டுக்குப் போறாங்க. அரிப்பும் வெள்ளப்படுறதும் திரும்பத் திரும்ப வருது. மருந்து மட்டும் குடுத்து இன்னா பண்றது?”

எழுந்து, முதுகைக் காட்டி நின்றோம். பெட்ஷீட்டின் ஒரு முனையைப் படகில் கட்டி, மறுமுனையைப் பிடித்தபடி அவள் பெண்களிடம் கத்தினாள்: “டெட்டால் ஊத்திக் கழுவாதீங்க, வெறும் தண்ணி போதும். அரிப்பு நின்னுட்டாலும், உள்ள வைக்கிற மாத்திரைய முடிக்காம விடாதீங்க.”

“மொள்ளப் பேசுக்கா, பெருசுங்க கேக்குது,” என்று ஒருத்தி சிரித்தாள்.

“கேக்கட்டும். வூட்ல பொண்டாட்டிக்கும் போய்ச் சொல்லட்டும்.”

என்ன பெண் அவள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அன்று ஒன்பது பேர் உடை மாற்றினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை; பாவாடை பிழியும் சத்தத்தை எண்ணினேன்.