மினுக்கிய ரிவால்வரும் ஓப்பல் ஸ்டாம்பரும்

ரிவால்வரைக் கையில் எடுத்ததும் ஓப்பல் ஸ்டாம்பர் அதன் மினுமினுப்பைப் பார்ப்பதில்லை. விசையைச் சுற்றி வளைந்திருக்கும் காப்பைத்தான் முதலில் பார்க்கிறார். உடம்பெல்லாம் நிக்கல் வெள்ளையாக இருந்தாலும் அந்த வளையம் மட்டும் கருநீலமாக இருக்க வேண்டும். அதுவும் பளபளத்தால், பின்னாளில் யாரோ புதுப் பூச்சு போட்டிருக்கிறார்கள் என்று பொருள். உதட்டைப் பிதுக்குகிறார். "கிழவிக்குப் பவுடர் அடிச்சு மணமேடையில உக்கார வெச்சிருக்கான்" என்று மேசை போட்டு விற்பவர் காதில் விழும்படி சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்கிறார்.

அமெரிக்காவில் கென்டக்கி மலைப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் தீயணைப்பு நிலையக் கூடத்தில் வசந்தத்தில் ஒன்றும் இலையுதிர்காலத்தில் ஒன்றுமாகத் துப்பாக்கிச் சந்தை கூடும். ஓப்பல் உள்ளே நுழைவதைப் பார்த்தால் சில மேசைக்காரர்கள் சில சாமான்களின் மேல் துணியை இழுத்து மூடுவார்கள். ஆயுள் முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டிய குரல் அவருக்கு. கடைசி இருக்கைப் பிள்ளையைக் கண்ணாடியில் பார்த்தே அடக்கிய குரல். ஆண்கள் போடும் முரட்டுக் கோட்டு. கழுத்தில் ஷூ லேஸில் தொங்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி. சட்டைப் பையில் சின்னத் திருப்புளி. வணக்கம் சொல்லும் வழக்கமே கிடையாது. "இத நீ சுட்டுப் பாத்தியா?" என்பதுதான் முதல் பேச்சு.

அவருக்கு நெஞ்சு எரிவது பொய் வருஷம் சொல்பவர்களைக் கண்டால். இந்தப் பழைய ரிவால்வர்களின் முதுகில் சில தேதிகள் பொறித்திருக்கும். அதைக் காட்டி, இதோ இந்த வருஷத்தில் செய்தது என்பார்கள். அது கம்பெனிக்காரன் காப்புரிமை வாங்கிய தேதி. "உங்கப்பன் கல்யாணத் தேதியச் சொல்லி உன் வயசக் கணக்குப் போடுவியா?" என்று ஒருவரைக் கேட்டுவிட்டார். அந்த மனிதர் அடுத்த சந்தைக்கு வரவில்லை.

வருஷத்துக்கு என்ன இவ்வளவு பாடு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். கோட்டுப் பையில் அடங்கும் இந்த ஐந்து குண்டு ரிவால்வர்களில் முன்னால் வந்தவை புகை கக்கும் கரிமருந்துக்காகச் செய்தவை. பின்னால் வந்தவை வேகம் கூடிய புதுமருந்தைத் தாங்கும்படி செய்தவை. வெளித்தோற்றம் ஒன்றுதான். இன்றைக்குக் கடையில் விற்கும் தோட்டா இரண்டிலுமே அம்சமாக உட்கார்ந்துகொள்ளும். வித்தியாசம் வெடிக்கும்போதுதான் தெரியும்.

ஓப்பலின் கணவர் கார்லிஸுக்கு அப்படித்தான் தெரிந்தது. இதே கூடத்தில் டென்வர் காடில் என்பவரிடம் ஒரு ரிவால்வர் வாங்கினார். புதுமருந்துக் காலத்துச் சாமான், கண்ணை மூடிக்கொண்டு சுடலாம் என்று டென்வர் சத்தியம் செய்யாத குறை. கொட்டகைக்குப் பின்னால் ஒரு தகர டப்பாவைக் குறிவைத்துக் கார்லிஸ் சுட்டார். தோட்டா உருளை பிளந்து, ஒரு துண்டு அவருடைய இடது கண்ணோடு போயிற்று. டென்வர் தன் மனைவி செய்த ஆப்பிள் பை என்கிற பலகாரத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். கார்லிஸ் அதைச் சாப்பிட்டார். நன்றாக இருந்தது என்று வேறு சொன்னார். கண் போனதை ஓப்பல் எப்படியோ பொறுத்துக்கொண்டார். அந்த ஆப்பிள் பலகாரத்தை இன்றுவரை பொறுக்கவில்லை.

"அவனுக்கும் தெரியாதுடி, பாவம்" என்பார் கார்லிஸ்.

"தெரியாதவன் எதுக்கு வருஷம் சொன்னான்?"



போன வசந்தத்தில் டென்வரின் மேசை முன்னால் டோஷா என்கிற பெண் நின்றுகொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை. விட்டுப் பிரிந்த புருஷன் அவள் வண்டி நிறுத்தும் இடத்தில் வந்து நிற்கத் தொடங்கியிருந்தான். கைக்கு அடக்கமாக, விலைக்கும் அடக்கமாக ஒன்று வேண்டும் என்று கேட்டு வந்திருந்தாள். டென்வர் ஒரு நிக்கல் ரிவால்வரை அவள் கையில் வைத்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், புதுமருந்துக் காலத்தில் செய்தது, ஒரே வீட்டில் இருந்தது என்று வர்ணித்துக்கொண்டிருந்தார். கூடவே ஒரு பெட்டித் தோட்டாவையும் நகர்த்தி வைத்திருந்தார்.

ஓப்பல் அதை அவள் கையிலிருந்தே எடுத்தார். காப்பு வளையம் வெள்ளி மாதிரி மின்னிற்று.

"ஓப்பல் அம்மா, வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதீங்க" என்றார் டென்வர்.

ஓப்பல் திருப்புளியால் கைப்பிடியின் ஒரு பக்கத்தைக் கழற்றினார். உள்ளே தட்டையான வில். இதைச் செய்த கம்பெனிக்காரன் புதுமருந்துக்கு மாறியபோது சுருள் வில்லுக்கு மாறிவிட்டான். தட்டை வில் இருந்தால் கரிமருந்துக் காலம். இதை நிதானமாகச் சொல்லியிருக்கலாம். அவருக்கு எங்கே நிதானம்? யார் வருஷம் சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்று இருவரையும் சேர்த்தே வெளுத்தார். டோஷாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்தக் கிழவி சாமானைத் தனக்கு அமுக்கப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தாள். நான்தான் முதலில் வந்தேன், கொடுங்கள் என்று கையை நீட்டினாள்.

"ரெண்டு கண்ணு இருக்கறது உனக்கு உறுத்துதா?" என்றார் ஓப்பல்.

பெண்ணின் முகம் சிவந்து, கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் ஓப்பலின் கோபம் இன்னும் மூண்டது. பயமுறுத்துகிற புருஷன் ஒரு பக்கம், பொய் சொல்கிற வியாபாரி ஒரு பக்கம், நடுவில் இவளை அழவைத்தது தான் என்று ஆகிவிட்டதே என்ற எரிச்சல். கழற்றிய கைப்பிடியைத் திரும்ப முடுக்கி, ரிவால்வரை டென்வர் முன்னால் வைத்தார். குரல் திடீரென்று தணிந்துவிட்டது.

"டென்வர், நீ விக்கிற தோட்டாவுல அஞ்சு எடு. பின்னால மண்மேடு இருக்கு. நீயே சுடு. நான் உன் பக்கத்துல நிக்கறேன்."

டென்வர் சிரித்தார். தோள்பட்டை வலி என்றார். சந்தை நடக்கும்போது சுட அனுமதி இல்லை என்றார். அனுமதி தருகிற தீயணைப்பு நிலையத் தலைவரே இரண்டு மேசை தள்ளி நின்று, போய்ச் சுடுங்கள், நான் தடுக்கவில்லை என்றார். டென்வர் ரிவால்வரைத் தொடவில்லை. டோஷா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாள்.

அவர் தோட்டாப் பெட்டியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்தப் பெண் பர்ஸை மூடினாள். ஓப்பல் அவளைத் தேற்றவில்லை. சுவரோரத்து மேசையை மோவாயால் காட்டி, "அங்க போ, கண்ணு. அவன் எதக் காட்டினாலும், அதத் தன் பொண்டாட்டிக்கு வாங்கிக் குடுப்பானான்னு கேளு. கேக்க வெக்கப்படாதே" என்றார். அவள் போன பிறகு, டென்வர் சொன்ன விலையை எண்ணி வைத்தார். பேரம் பேசாமல் ஓப்பல் எதையும் வாங்கி அந்தக் கூடம் பார்த்ததில்லை. ஆனால் விட்டுவிட்டுப் போனால், மத்தியானத்துக்குள் இன்னொரு டோஷா வருவாள். ரிவால்வரைக் கைப்பைக்குள் போட்டு மூடினார்.

அந்த நேரம் பார்த்துக் கார்லிஸ் சாப்பாட்டுப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தார். மீசையில் சோள ரொட்டித் துணுக்கு. நடந்ததை யாரோ அரைகுறையாகச் சொல்லியிருக்க வேண்டும். எல்லாரையும் பார்த்துப் பொதுவாகச் சிரித்தார்.

"மனசுல வெச்சுக்காதப்பா, டென்வர். அவ சுபாவம் உனக்குத் தெரியாததா?" என்று மேசைக்குக் குறுக்கே கையை நீட்டினார். டென்வருக்குப் போன உயிர் வந்தது. அவரும் அவசரமாகத் தன் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

ஓப்பல் தன் கைப்பையை எடுத்துக் கணவரின் நீட்டிய கையில் மாட்டினார். அந்தக் கனத்தில் கார்லிஸின் கை தாழ்ந்தது. ஓப்பல் அவருடைய முழங்கையைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினார்.