களத்துமேட்டு மனை

வீடு வாங்க நல்ல இடம் எது என்று யாராவது என்னிடம் கேட்டால், மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள் என்பேன். என் கணவர் வெயிலில் போய்ப் பார்த்தார். அவர் அரசுப் பேருந்தில் நடத்துநர். ஓய்வு நாள் கிடைத்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு தஞ்சாவூரைச் சுற்றி வருவார். பிள்ளைகள் நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம், பக்கத்தில் பிராந்திக்கடை கூடாது, நல்ல தண்ணீர், தெருவில் நம் பெண்கள் வயதில் நாலு பிள்ளைகள். நான் மருத்துவமனையில் செவிலியர், வேலை நேரம் மாறி மாறி வரும், அதனால் பஸ் நிறுத்தமும் வேண்டும். இவ்வளவுக்கும் பொருந்துகிற மாதிரி மருத்துவக் கல்லூரிப் பக்கம் ஒரு வீட்டைப் பேசி ஏறக்குறைய முடித்தும் விட்டார்.

அப்போதுதான் ஒரு நோட்டீஸ் கைக்கு வந்தது. ஊருக்குக் கிழக்கே வயலில் மண்ணடித்துப் புதிதாக மனை போட்டிருந்தார்கள். வரைபடத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அது என் அப்பா பதினெட்டு வருஷம் குத்தகைக்கு உழுத நிலம்.

எனக்குப் பத்து வயது இருக்கும். குத்தகைக்காரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றலாம், ஏற்றிவிட்டால் நினைத்தபோது விரட்ட முடியாது என்று சட்டம் வந்திருந்தது. அப்பா தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தார். அது நிலத்துக்காரரான மிராசுதார் காதுக்குப் போக ஒரு பகல் போதுமாக இருந்தது. சட்டம் போட்ட கட்சியின் கரை வேட்டியைத்தான் மிராசுதாரும் கட்டியிருந்தார். ஆட்சி மாறியபோது அவர் வேட்டிக் கரையும் மாறியது, ஆள் மாறவில்லை.

சம்பா அறுத்து, களத்தில் நெல் குவிந்து கிடந்த அன்று ஆட்களோடு வந்தார். குவியலுக்கு முன்னால் நின்ற அப்பாவைப் பார்த்து, "களத்த விட்டு எறங்குடா" என்றார். அப்பா இறங்கினார். பின்னாலேயே அம்மாவும் நானும் இறங்கினோம். மனு போன இடம் தெரியவில்லை. அதற்கப்புறம் அப்பா ரைஸ் மில்லில் மூட்டை தூக்கித்தான் என்னைப் படிக்க வைத்தார்.

வரைபடத்தில் கட்டம் கட்டமாக இருந்த மனைகளுக்குள் களம் எது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. களத்தை யாரும் பள்ளத்தில் வைக்க மாட்டார்கள். சுற்றிலும் எவ்வளவு மண்ணடித்தாலும் அது மேடுதான்.

"பள்ளிக்கூடம் தூரம், பஸ்ஸு மணிக்கு ஒண்ணு. அங்க போயி எதுக்கு?" என்றார் கணவர். பிறகு அவருக்கே விளங்கிவிட்டது. "உங்கப்பா உழுத நெலமா? ஆறுன கஞ்சி பழங்கஞ்சி. விடும்மா."

"எனக்கு இன்னும் ஆறல."

மழைக்காலத்தில் பிள்ளைகள் கால் நனையாது என்று சொல்லிச் சொல்லியே அவரைச் சம்மதிக்க வைத்தேன். அது பொய்யில்லை. ஆனால் நான் அந்த மனையை வாங்கியது, அந்தக் களத்தில் அப்பாவை நாற்காலி போட்டு உட்கார வைப்பதற்காக. பால் காய்ச்சிய அன்றே வாசலில் ஒரு பிரம்பு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அப்பா கூச்சத்தோடு அதன் நுனியில் உட்கார்ந்தார்.

மனைகளைத் தரகர் மூலமாக விற்ற மிராசுதார், ஒன்றை மட்டும் விற்காமல் தனக்கென்று வைத்திருந்தார். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டதால், கிராமத்துப் பெரிய வீட்டைப் பூட்டிவிட்டு டவுன் பக்கம் வந்துவிடுவதாக ஏற்பாடு. ஈசானிய மூலை, விசேஷமான இடம் என்று வாஸ்துக்காரர் சொன்னாராம். அந்த மூலையில்தான் வடிகால் ஓடியது. அந்தப் பக்கத்து வயல்களில் மிஞ்சிய தண்ணீர் முழுக்க அது வழியாகத்தான் ஆற்றுக்குப் போகும். அதைத் தூர்த்து அஸ்திவாரம் போட்டார்கள். குடையோடு வரப்பில் நின்றே விவசாயம் பார்த்தவருக்குத் தண்ணீர் போகிற வழி எப்படித் தெரியும்?

அப்பா வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டினார்.

"தண்ணி போற வழிய அடைக்கிறாங்கம்மா. ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்."

"ஒண்ணும் வேண்டாம்."

"பாவம்மா, தெரியாமக் கட்டறாரு."

"தெரியாமயே கட்டட்டும். சொல்லித்தான் ஆவணும்னா எறங்கிப் போங்க. அப்பறம் இந்த வீட்டுப் படி ஏறாதீங்க."

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலிக்கே திரும்பினார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

மூன்றாம் வருஷம் ஐப்பசியில் விடாமல் மழை பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் காலையில் மிராசுதார் வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். ஈசானியத்தில் தண்ணீர் நின்றால் செல்வம் பெருகும் என்பார்கள். நன்றாகவே நின்றது. அவர்கள் வீட்டுப் பாத்திரங்கள் வாசல் வழியாக மிதந்து வெளியே வந்தன. நான் மாடியில் நின்று பார்த்தேன். பொய் சொல்வானேன், கண் குளிரப் பார்த்தேன்.

மிராசுதாரும் அவர் மனைவியும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து எங்கள் வாசலுக்கு வந்தார்கள். நான் கீழே இறங்கி வருவதற்குள், "ஏறி வாங்கய்யா" என்று அப்பா கூப்பிட்டுவிட்டார். தன் நாற்காலியையும் அவருக்குக் கொடுத்துவிட்டார். காபி கொடுத்தேன், சர்க்கரை போடவில்லை.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே சுற்றிலும் பார்த்தார். "இந்த எடம் மட்டும் எப்படிம்மா காஞ்சு கெடக்கு?"

"இது களமுங்க. நீங்க வீடு கட்டியிருக்கறது வடிகால்ல."

"முன்னாடியே தெரியுமா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

பத்து வயதிலிருந்து நான் காத்திருந்த இடம் வந்துவிட்டது. "களத்த விட்டு எறங்குடான்னீங்க, எறங்கிட்டோம். எறங்கிப் போனவங்க எப்படிங்க வந்து சொல்றது?"

அப்போதுதான் அவர் அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் பார்த்தார். எழுந்து போகட்டும், அந்தத் தண்ணீரில் இறங்கட்டும் என்று நான் நின்றேன்.

அப்பா அவர் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். "நான் சொல்லத்தாங்கய்யா கெளம்புனேன்," என்றார். "எம் பொண்ணும் எறங்கிப் போன்னுடுச்சு."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.