நான் கழுவிக் கொட்டிய மண்

போன வருஷம் மாசி மாதம் நடந்தது இது. மீஞ்சூரைத் தாண்டி, ஒரு காலத்தில் நெல்லும் வேர்க்கடலையும் விளைந்த நிலத்தில் கன்டெய்னர் யார்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே சூப்பர்வைசராக இருந்தவன் என் பழைய தோஸ்து.

எனக்குப் பிழைப்பு கிரேன் ரிப்பேர். வீடு கல்மண்டபம் பக்கம். ஆனால் பழைய இரும்பு, பித்தளை, காசு என்றால் சோறு தண்ணி வேண்டாம். பார்த்தவுடன் இன்னதென்று சொல்லிவிடுவேன் என்ற கர்வமும் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

ஒருநாள் தோஸ்து போன் போட்டான். “மாமு, தோண்டத் தோண்ட இன்னான்னாவோ வருது. ஒண்ணியும் புரியல. ஒரு தபா வந்து பாரு.”

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பூதக்கண்ணாடியும் பிரஷ்ஷுமாகக் கிளம்பிவிட்டேன். தகர ஷெட்டில் ஒரு மேஜை மேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார்கள். வளைந்த சின்ன இரும்புத் தகடுகளைக் காட்டி, ஏதோ மெஷின் பார்ட் என்றார் ஒரு இன்ஜினியர். நான் சிரித்துவிட்டேன். மாட்டு லாடம். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் காலுக்கு ரெண்டு துண்டாக அடிப்பார்கள். துருப்பிடித்த இன்னொன்று ஏர்க்கலப்பையின் கொழு. பெரிய இரும்பு வளையம், மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் சாலுக்கு வாயில் போடுவது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லச் சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியாக உள்ளங்கை அளவில் ஒரு பித்தளைச் சாமான். ஒரு பக்கம் மூக்கு மாதிரி நீண்டிருந்தது. உள்ளே மண் இறுகிக் கிடந்தது. “விளக்கு. இந்த மூக்குலதான் திரி போடுவாங்க. முந்நூறு வருஷமாவது இருக்கும்” என்று அடித்துவிட்டேன். முந்நூறு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. “நீயே வெச்சிக்கோ மாமு” என்று அதை என் கையில் கொடுத்தான் தோஸ்து.

கிளம்பும்போது கேட்டுக்கு வெளியே ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். தினமும் வந்து நிற்பதாகவும், பழைய இரும்பு பொறுக்கப் பார்ப்பதாகவும் வாட்ச்மேன் சொன்னார். நானும் அப்படியே நம்பிக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, அதிலிருந்த மண்ணை ஆணியால் நெம்பி எடுத்துக் கழுவி, வாசல் சாக்கடையில் ஊற்றினேன். பிறகு புளியைக் கரைத்து ஊறப்போட்டேன். என் மனைவி கேட்டும் ஒரு பாத்திரம் தேய்த்துக் கொடுத்ததில்லை, அன்றைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேய்த்தேன். தங்கம் மாதிரி ஆகிவிட்டது. விளிம்புக்குக் கீழே வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தன. அந்தக் காலத்து வேலைப்பாடு என்று எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பாராட்டு குவிந்தது.

அடுத்த ஞாயிறும் யார்டுக்குப் போனேன். வேலை ஒன்றும் இல்லை, பளபளப்பைக் காட்டிப் பீற்றிக்கொள்ளத்தான். கேட்டில் பைக்கை நிறுத்தி, துணியைப் பிரித்து வாட்ச்மேனிடம் காட்டிக்கொண்டிருந்தேன். அதே அம்மா கிட்டே வந்தார்.

“அண்ணா, அத்தக் கொஞ்சம் குடேன். பாத்துட்டுக் குட்த்துட்றேன்.”

மனசில்லாமல்தான் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்க்கக்கூட இல்லை. கட்டைவிரல் நேராக விளிம்புக்குக் கீழே போய் அந்தப் புள்ளிகளைத் தடவியது. முகம் மாறிவிட்டது.

“இது எங்க அம்மா வூட்ல குட்த்த பாலாடைண்ணா. பாத்திரக் கடையில பேரு வெட்டிக் குட்த்தாங்க.”

குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை! ரெண்டு பிள்ளை பெற்றவன் நான். இருவரும் புட்டியில் குடித்தவர்கள் என்பதைத் தவிர எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் இல்லை. பிறகு உற்றுப் பார்த்தால் அந்தப் புள்ளிகள் நல்ல தமிழ் எழுத்துகள், பாதி தேய்ந்திருந்தன.

அந்த நிலம் அவர் மாமனார் வீட்டு நிலமாம். முதல் பிள்ளை, நாலு மாசத்தில் ஜுரம் வந்து போய்விட்டான். கைக்குழந்தையை எரிக்க மாட்டார்கள் என்பதால் வரப்போரமாகப் புதைத்து, அவன் பால் குடித்த பாலாடையையும் கூடவே வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் நடந்து முப்பது வருஷம். பின்னால் கிணற்றுத் தண்ணீர் உப்பாகி, விவசாயம் படுத்து, நிலம் கைமாறிப் போயிற்று. அப்புறமும் வருஷத்துக்கு ஒருமுறை வந்து அந்த இடத்தில் பால் ஊற்றிவிட்டுப் போவாராம். மிஷின் வந்து வரப்பையும் அடையாளத்துக்கு இருந்த பனைமரத்தையும் மட்டம் தட்டிய பிறகு அவருக்கு இடம் தெரியவில்லை. அதைத் தேடித்தான் தினமும் வந்து நின்றிருக்கிறார். இரும்பு பொறுக்க அல்ல.

“நாளைக்கு காங்கிரீட் போடப் போறாங்களாமே. எந்த எடத்துல கெடச்சுதுன்னு மட்டும் சொல்லுண்ணா. ஒரு பிடி மண்ணாவது எட்த்துகினு பூட்றேன்.”

எனக்குத் தெரியவில்லை. பொருளைத்தான் கேட்டேனே தவிர, எங்கே கிடைத்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“உள்ள மண்ணு இருந்திருக்குமே?” என்றார் அடுத்து.

அந்தக் கேள்விக்கு நான் நின்ற நிலை என் எதிரிக்கும் வரக் கூடாது. “கழுவிட்டேம்மா” என்றேன்.

தோஸ்துவிடம் ஓடினேன். “மேல தெரிஞ்சா என் வேலை பூடும் மாமு” என்று முதலில் மறுத்தான். வெளியே எட்டி அந்த அம்மாவைப் பார்த்தான். பிறகு ஜேசிபி ஓட்டுநரைக் கூப்பிட்டு அனுப்பினான்.

எங்கள் பக்கம் மண்ணுக்குள் எங்கே பைப் போகிறது, எங்கே கேபிள் போகிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. கேபிளுக்கு மேலே செங்கல் பரப்பி மூடியிருப்பார்கள். அதனால் செங்கல் தட்டுப்பட்டால் ஓட்டுநர்கள் உடனே வண்டியை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பித்தளையும் அப்படித்தான் கிடைத்திருக்கிறது. “மூணு செங்கல்லு பக்கத்துப் பக்கத்துல வெச்சிருந்துச்சு. கேபிளுன்னு பயந்து எறங்கிக் கையால நோண்டுனேன். நல்லா ஞாபகம் கீது” என்றார் ஓட்டுநர். அந்த அம்மா மெதுவாக, “மூணு செங்கல்லு நாந்தான் வெச்சேன்” என்றார்.

கிழக்கு மூலையில் அந்த இடத்தை ஏற்கெனவே ஜல்லி கொட்டி நிரவியிருந்தார்கள். ஓட்டுநர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டியில் ஏறினார். அத்தனை பெரிய இரும்புக் கையால் ஜல்லியை மட்டும் மேலோடு வழித்தெடுத்தார். அடியில் மண் தெரிந்ததும் வண்டியை அணைத்துவிட்டார். மீதியை நானும் தோஸ்துவும் கையால் ஒதுக்கினோம்.

அந்த அம்மா மண்டியிட்டு முதலில் பாலாடை நிறைய மண் அள்ளினார். பிறகு முந்தானையிலும் கொஞ்சம் அள்ளி முடிந்துகொண்டார். அழவே இல்லை. நான்தான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. “எண்ணூர்ல கடலாண்ட நான் இட்டுகினு போறேம்மா, கரைச்சுடலாம்” என்றேன்.

“வேணாண்ணா. தலைக்குத் தண்ணி ஊத்துனாலே வீல்னு கத்துவான். தம்பி வூட்டாண்ட ரெண்டடி எடம் கீது, அங்க வெச்சிக்கிறேன்” என்றார்.

தோஸ்து ஆட்டோ பிடித்துக்கொடுத்தான். ஏறி உட்கார்ந்தவர் மடியில் பாலாடையை வைத்துக்கொண்டு, விளிம்பில் ஒட்டியிருந்த மண்ணை உள்ளே தள்ளிவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். ஏதாவது திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

“நல்லாத் தேச்சு வெச்சிருக்கண்ணா. அவன் இருக்கச்சொல்லோகூட நான் இவ்ளோ பளபளன்னு வெச்சதில்ல.”

என் மனம் நோகக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னார். என் வீட்டுச் சாக்கடையில் போனது என்னவென்று தெரிந்த பிறகும் அவரால் அப்படிச் சொல்ல முடிந்ததே, அதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு அவமானத்தில் தலை குனிகிறது, மறுகணம் இரண்டு கையும் அவரைக் கும்பிடுகிறது.