எட்டும் தூரம்

திண்டுக்கல்லில் நான் வேலை பார்க்கும் துப்பாக்கிக் கடைக்கு ஒரு மல்லிகைத் தோட்டக்காரர் வந்தார். பேசுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் துண்டால் வாயைத் துடைத்துக்கொள்வார்.

"ஒரு மைல் தள்ளிப் போய் விழுற தோட்டா எது, தம்பி?"

காட்டுப்பன்றிக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். "நாட்டுத் துப்பாக்கி அவ்வளவு தூரம் எட்டாதுங்கய்யா, கம்பெனி ரைஃபிள்தான்" என்று ஒன்றை எடுத்து, அதன் தோட்டாவோடு மேசைமேல் வைத்தேன். "குறி தப்பினாலும் ஒரு மைல் போகும்."

அவர் அதைத் தொடவில்லை.

"பூப் பறிச்சுக்கிட்டிருந்த எம் மக மேல ஒரு தோட்டா பட்டுச்சு. வெடிச்சத்தம்கூட எங்களுக்குக் கேக்கல. ஒரு மைல் தள்ளியிருந்து வந்திருக்கும், யாரு சுட்டதுன்னு இன்னும் தெரியலன்னு போலீஸ்ல சொல்றாங்க."

அவர் ரைஃபிளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க பக்கத்துல இது எங்க அண்ணன்கிட்ட மட்டுந்தான் இருக்கு" என்றார்.

பிறகு வத்தலக்குண்டு பஸ் பிடிக்க நடந்தார். அன்று அவர் தன் வீட்டுக்குப் போனாரா, அண்ணன் வீட்டுக்குப் போனாரா, எனக்குத் தெரியாது.