வெண்கலம் டீச்சரின் தண்ணீர் பாட்டில்

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் வெண்கலம் டீச்சர். அவர் கணக்கு நடத்தினால் மாடிப்படி வரை கேட்கும். பக்கத்து வகுப்பில் அறிவியல் எடுக்கும் நான் பொறாமைப்பட்ட குரல் அது. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்தக் குரலைத்தான் எங்கள் பள்ளிக்கூடம் தின்று தீர்த்தது.

யாராவது லீவு போட்டால் மாற்று ஆள் கிடையாது. அந்த வகுப்பையும் கொண்டுபோய் அக்கா தலையில் கட்டுவார்கள். "உங்க குரலுக்குத்தான் பிள்ளைங்க அடங்குறாங்க டீச்சர்" என்று தலைமை ஆசிரியர் ஐஸ் வைப்பார். நன்றாக வேலை செய்ததற்குத் தண்டனை! கழிப்பறைக்குப் போய்வரக்கூட வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒருமுறை அக்கா போய்வருவதற்குள் ஒருத்தி பெஞ்சிலிருந்து விழுந்துவிட்டாள். விளக்கம் கேட்டு அக்காவைத்தான் குடைந்தார்கள். அன்றிலிருந்து காலையில் கொண்டுவரும் தண்ணீர் பாட்டிலை அவர் மாலை வரை திறப்பதில்லை.

"குடிச்சாத்தானே போகணும்?" என்று சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் தொண்டை கட்டிக்கொண்டது. "பேச்சைக் குறைங்க. தண்ணி நிறையக் குடிங்க. இல்லேன்னா இருக்கிற குரலும் போயிடும்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அக்கா அதைத் தலைமை ஆசிரியரிடம் சொன்னார். மறுநாள் காலைக் கூட்டத்தில், எல்லோரும் கைதட்ட, அவர் அக்காவின் கழுத்தில் ஒரு மைக்கை மாட்டிவிட்டார். இடுப்பில் கட்ட ஸ்பீக்கரும் உண்டு.

"இனிமே தொண்டைக்கு வேலையே இல்ல டீச்சர்!"

எவ்வளவு நல்ல மனசு பாருங்கள். அன்று மதியமே மூன்று வகுப்புகளைச் சேர்த்து, என் வகுப்புக்கு எதிரே உள்ள கூடத்தில் அக்காவிடம் தள்ளிவிட்டார். மைக்தான் இருக்கிறதே!

கொஞ்ச நேரம் கழித்து, எல்லாம் அடங்கியிருக்கிறதா என்று பார்க்கக் கூடத்துக்குள் வந்தார். அக்கா மைக்கை வாயருகே வைத்தார். குரல் கரகரத்தது. ஆனால் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது.

"சார், காலையிலேர்ந்து அடக்கிக்கிட்டு இருக்கேன். பாத்ரூம் போகணும். நீங்க கொஞ்சம் பாத்துக்கோங்க."

எல்லாவற்றையும் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தார்.

"உக்காருங்க... டேய், உக்காருங்கடா!" தலைமை ஆசிரியர் மைக்கில் கத்திக்கொண்டிருந்தார். ஒருவரும் உட்காரவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது.

அக்கா நிதானமாகத் திரும்பி வந்தார். கூடத்து வாசலில் நின்று பாட்டிலைத் திறந்து, மொத்தத் தண்ணீரையும் குடித்தார். வியர்த்து ஊற்ற ஓடிவந்த தலைமை ஆசிரியர் மைக்கை நீட்டினார்.

"டாக்டர் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கார் சார்" என்றார் அக்கா. கையை நீட்டவில்லை.